கீரையை விடாதீர்கள், ஙாப்பியைக் குறையுங்கள்: சிறுநீரகம் தளர்ந்தவருக்குக் குடலிலிருந்து தொடங்கும் உணவுமுறை

கிரியாட்டினின் (சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய ரத்தக் கழிவு) கூடியிருக்கிறது என்று டாக்டர் சொன்ன அன்றைக்கே பல வீடுகளில் நின்றுபோவது கீரையும் பருப்பும் பழமும்தான். மறுநாளிலிருந்து தட்டில் வெள்ளைச் சோறு, ஒரு துண்டு மீன், ரசம். ஓரத்தில் ஙாப்பி (உப்பிட்டுப் புளிக்கவைத்த மீன் விழுது) மட்டும் வழக்கம்போல இருக்கும். ஒரு மாதத்துக்குள் மலம் இறுகும், பசி மங்கும், வாய் கசக்கும். நோய் முற்றிவிட்டது என்று வீட்டார் பயந்துபோவார்கள். முற்றிய நோயிலும் இந்த அறிகுறிகள் வரும் என்பதால் பரிசோதனை செய்துதான் ஆகவேண்டும். ஆனால் பட்டினி கிடக்கும் குடலே இதில் பெரும் பங்கைச் செய்திருக்கலாம். பர்மாவில் ரங்கூனிலும் பெகுவிலும் மோல்மேனிலும் தமிழர் அடுப்பில் வேகிற உணவை வைத்துக்கொண்டே இதைச் சரிசெய்ய முடியும். தனிச் சமையல் வேண்டாம்.

குடலும் சிறுநீரகமும் ஒன்றையொன்று கெடுப்பது எப்படி

சிறுகுடலில் செரிக்காமல் தப்பிய புரதம் பெருங்குடலில் போய்ச் சேரும். அங்கே வாழும் நுண்ணுயிர்களுக்கு நார் கிடைத்தால் அதை நொதிக்க வைத்து பியூட்டிரேட் போன்ற சிறு அமிலங்களைத் தரும். பெருங்குடல் உட்சுவருக்கு அதுதான் முக்கியத் தீனி. நார் கிடைக்காவிட்டால் அவை புரதத்தின் மேல் பாயும். அப்போது டிரிப்டோபேன் என்ற அமினோ அமிலம் இண்டோலாக மாறி, கல்லீரலுக்குப் போய் இண்டாக்சில் சல்பேட் ஆகிறது. டைரோசின் என்ற இன்னோர் அமினோ அமிலத்திலிருந்து பி-கிரெசில் சல்பேட் வருகிறது. நல்ல சிறுநீரகம் இரண்டையும் நுண்குழாய் வழியே சுரந்து வெளியே தள்ளிவிடும். தளர்ந்த சிறுநீரகத்தில் இவை தேங்கி, அந்த நுண்குழாயையும் ரத்தக்குழாய்ச் சுவரையும் கெடுக்கின்றன. ரத்தத்தில் அல்புமின் என்ற புரதத்தோடு ஒட்டிக்கொண்டே திரிவதால் டயாலிசிஸும் இவற்றைச் சரியாக வடிக்காது. ஆகவே உள்ளே உண்டாவதைக் குறைப்பதுதான் நம் கையில் இருக்கும் வழி.

கேடு மறுபக்கத்திலிருந்தும் வரும். ரத்தத்தில் யூரியா கூடக்கூட அது குடலுக்குள் கசிகிறது. யூரியாவை உடைக்கும் கிருமிகள் அதை அம்மோனியா ஆக்குகின்றன. அம்மோனியா குடல் சுவரின் இறுக்கத்தைத் தளர்த்த, கிருமிகளின் கழிவு ரத்தத்தில் ஏறி உடம்பெங்கும் அழற்சியைக் கிளப்புகிறது.

பொட்டாசியத்திலும் குடலுக்கு வேலை உண்டு. ஆரோக்கியமானவருக்கு உண்ட பொட்டாசியத்தில் பத்தில் ஒரு பங்குதான் மலத்தில் போகிறது. சிறுநீரகம் மிகத் தளர்ந்தபின் அந்தப் பங்கு இரண்டு மடங்குக்கும் மேல் கூடலாம். அந்த நிலையில் மூன்று நாள் மலம் போகாமல் இருந்தால், திறந்திருந்த இரண்டாவது வாசலையும் சாத்தியதாகிவிடும்.

அடுப்பைத் தொடுமுன் கையில் இருக்கவேண்டிய எண்கள்

கிரியாட்டினினிலிருந்து கணக்கிடும் வடிகட்டும் வேகம் (eGFR), சிறுநீரில் அல்புமின்-கிரியாட்டினின் விகிதம், ரத்தத்தில் பொட்டாசியம், பைகார்பனேட், உடல் எடை ஆகியவை வேண்டும். வடிகட்டும் வேகம் 60க்குக் கீழே அல்லது அல்புமின் விகிதம் 30க்கு மேலே (கிராமுக்கு மில்லிகிராம் கணக்கில்) மூன்று மாதத்துக்கு மேல் நீடித்தால் அது நாட்பட்ட சிறுநீரக நோய்.

எந்தக் காய், எவ்வளவு என்பதைத் தீர்மானிப்பது கிரியாட்டினின் அல்ல, பொட்டாசியம். அது (லிட்டருக்கு மில்லிமோல் கணக்கில்) 5.0க்குக் கீழே இருந்தால், "சிறுநீரக நோயாளி" என்ற பெயருக்காகக் காய்கறியை ஒதுக்க வேண்டியதில்லை. 5.0 முதல் 5.5 வரை இருந்தால் கீழே சொல்லும் வேகவைத்து வடிக்கும் முறை தேவை. 5.5ஐத் தாண்டினால் டாக்டரோடு சேர்ந்துதான் உணவைத் திட்டமிட வேண்டும். 6.0க்கு மேல் போனாலோ, பொட்டாசியம் கூடுபவருக்குக் கை கால் துவண்டாலோ, நெஞ்சு படபடத்தாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரி.

பொட்டாசியம் கூடினால் பழி முதலில் கீரையின் மேல்தான் விழும். அதற்கு முன் மாத்திரைகளைப் பாருங்கள். லோசார்டான், எனலாப்ரில், ஸ்பைரோனோலாக்டோன் மூன்றும் பொட்டாசியத்தைக் கூட்டும். கட்டுக்கடங்காத சர்க்கரை, ரத்தத்தில் அமிலம் மிகுவது, மலச்சிக்கல் ஆகியவையும் கூட்டும். இவற்றைச் சரிசெய்யாமல் கீரையை மட்டும் நிறுத்தினால் நார் போய்விடும், எண் இறங்காது. அதற்காக இந்த மாத்திரைகளை நீங்களாக நிறுத்திவிடவும் கூடாது, சிறுநீரகத்தையோ இதயத்தையோ காக்கத்தான் பெரும்பாலும் அவற்றை எழுதியிருப்பார்கள்.

உப்பு: வாரத்துக்கு ஒரு டப்பா

ஒருவருக்கு ஒரு நாளைக்கு எல்லாம் சேர்ந்து 5 கிராம் உப்புதான் எல்லை. அதில் சோடியம் சுமார் 2000 மில்லிகிராம். ஒரு மேசைக்கரண்டி மீன்சாற்றிலேயே (ங்கான்பியாயே) சுமார் 1400 மில்லிகிராம் வந்துவிடுகிறது. ஙாப்பியும் கருவாடும் ஊறுகாயும் உப்பிலேயே பிறந்தவை. அஜினோமோட்டோவில் உப்பில் இருப்பதில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்குச் சோடியம் உண்டு. அதைக் கொஞ்சம் போட்டு உப்பைப் பெரிதும் குறைத்தால் மொத்தச் சோடியம் இறங்கும். உப்பையும் போட்டு இதையும் போட்டால் ஏறத்தான் செய்யும்.

தினமும் கரண்டியால் அளக்கிற வீடு அரிது. அதனால் வாரக் கணக்கு வையுங்கள். நான்கு பேர் வீட்டுக்கு 70 கிராம் தூள் உப்பை ஒரு சின்ன டப்பாவில் போட்டு, அடுத்த ஞாயிறு வரை அதிலிருந்து மட்டும் எடுங்கள். ஆளுக்கு நாளொன்றுக்கு 2.5 கிராம் ஆகிறது. மீதி 2.5 கிராமை மீன்சாறு, ஙாப்பி, கடைப்பலகாரம் ஆகியவற்றுக்கு விட்டுவைத்ததாகக் கணக்கு. புதன்கிழமையே டப்பா காலியானால் உப்பு எங்கே போகிறது என்று தெரிந்துவிடும். சோற்று உலையில் போடும் உப்பை முதலில் நிறுத்துங்கள், யாருக்கும் தெரியாது. இரண்டு மூன்று வாரத்தில் நாக்கு பழகிவிடும்.

"சோடியம் குறைந்த உப்பு" என்று விற்பதை வாங்க வேண்டாம். பெரும்பாலும் அதில் சோடியத்துக்குப் பதிலாக இருப்பது பொட்டாசியம் குளோரைடு. சிறுநீரகம் தளர்ந்தவருக்கு அது நேரடி ஆபத்து.

தோஸயாத் தட்டைப் பற்றி ஒரு வார்த்தை. வெள்ளரி, வெண்டை, கத்தரி, முட்டைக்கோஸ், வெந்த கீரை எல்லாம் வைத்து ஙாப்பியேயில் (ஙாப்பி கரைத்த நீர்ச்சாறு) தொட்டுச் சாப்பிடும் பர்மிய வழக்கம் நம் வீடுகளிலும் ஊறிவிட்டது. நார் என்று பார்த்தால் அந்தத் தட்டை மிஞ்ச ஒன்றுமில்லை. கெடுப்பது தொட்டுக்கொள்ளும் கிண்ணம்தான். அதை இப்படி மாற்றுங்கள்: சுட்ட பூண்டு 6 பல், சுட்ட மிளகாய் 4, இஞ்சி ஒரு துண்டு, எலுமிச்சைச் சாறு 2 மேசைக்கரண்டி, வெந்நீர் 3 மேசைக்கரண்டி, இவற்றோடு சுட்ட ஙாப்பி அரைத் தேக்கரண்டி. நான்கு பேருக்குப் போதும். வாசனை முழுக்க இருக்கும், உப்பு முன்பைவிட எவ்வளவோ குறையும்.

மீன்குழம்பு ஊற்றிய நூடுல்ஸான மொஹிங்காவில் வாழைத்தண்டும் கடலைமாவும் மீனும் இருக்கின்றன. உப்பு நிற்பது குழம்பில். கடையில் சாப்பிட்டால் மீன்சாறு மேலே ஊற்ற வேண்டாம் என்று சொல்லி, கிண்ணத்தில் பாதிக் குழம்பை மிச்சம் வையுங்கள். கடுகுக்கீரை ஊறுகாயை இரண்டு தண்ணீரில் அலசிப் பிழிந்து எடுங்கள். லப்பெத்தோ (ஊறவைத்த தேயிலைக் கலவை) வாரம் ஒருநாள், சிறு கையளவு.

புரதம்: கூடவும் வேண்டாம், பட்டினியும் வேண்டாம்

டயாலிசிஸுக்குப் போகாதவருக்கு, நோய் நடுநிலையை எட்டியபின், கிலோ எடைக்கு 0.8 கிராம் புரதம் என்பது கணக்கு. 55 கிலோ எடையுள்ளவருக்கு 44 கிராம். சோறு நான்கு கோப்பையில் 16 கிராம் வந்துவிடும். கெட்டியாக வெந்த பருப்பு அரைக் கோப்பையில் 8 அல்லது 9. முள்ளில்லாத மீன் 5 கியாத்தா (சுமார் 80 கிராம்) வாங்கினால் வெந்தபின் 60 கிராம் நிற்கும், அதில் 13. தயிர் 100 கிராமில் மூன்றரை. காய்கறியில் மூன்று. அவ்வளவுதான், 44 முடிந்தது. இதற்கு மேல் இரண்டு முட்டையும் கோழிக்குழம்பும் சேரும்போதுதான் மிச்சப் புரதம் பெருங்குடலுக்குப் போகிறது.

டயாலிசிஸ் செய்பவருக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அவருக்குக் கிலோவுக்கு 1.0 முதல் 1.2 கிராம் வரை வேண்டும். பழைய பத்தியத்தையே தொடர்ந்தால் தசை கரைந்து படுத்துவிடுவார். வயதானவர், உடல் மெலிந்துகொண்டே வருபவர், கர்ப்பிணி, குழந்தைகள் யாரும் தாங்களாகப் புரதத்தைக் குறைக்கக் கூடாது.

புரதத்தின் பாதியாவது சோறு, பருப்பு, பட்டாணி, கடலை போன்ற தாவர உணவிலிருந்து வரட்டும். "பருப்பில் பாஸ்பரஸ் அதிகம், தொடாதே" என்ற பழைய பட்டியல் இன்னும் கைக்குக் கை மாறி ஓடுகிறது. பருப்பிலுள்ள பாஸ்பரஸ் பெரும்பாலும் ஃபைட்டேட் என்ற பூட்டுக்குள் இருக்கிறது. அதை உடைக்கும் நொதி மனிதக் குடலில் போதிய அளவு இல்லாததால் ஒரு பகுதிதான் உடம்பில் சேரும். ஆலையில் சேர்க்கும் பாஸ்பேட் உப்போ ஏறக்குறைய முழுதும் சேர்ந்துவிடும். கோலா, சாசேஜ், உடனடி நூடுல்ஸ், அப்புறம் நாம் நாளைக்கு மூன்று முறை குடிக்கும் காபிமிக்ஸ் பொட்டலம்: நிறுத்த வேண்டியவை இவை. காபிமிக்ஸில் உள்ள கிரீமர் பொடியில் டைபொட்டாசியம் பாஸ்பேட் சேர்ப்பது வழக்கம், பொட்டாசியமும் பாஸ்பேட்டும் ஒரே பொட்டலத்தில். அதற்குப் பதில் சாதா டீயில் இரண்டு மேசைக்கரண்டி பால் ஊற்றிக் குடிக்கலாம். பால், டீயிலுள்ள ஆக்சலேட்டையும் குடலிலேயே கட்டிப்போடும்.

காயையும் கீரையையும் வடிக்கும் முறை

உருளை, சேம்பு, கருணை, சர்க்கரைவள்ளிக்கு: தோல் சீவி, 3 மில்லிமீட்டர் கனத்துக்கு வில்லைகளாக அரியுங்கள். காயைப் போல ஐந்து மடங்கு தண்ணீரில் போட்டுக் கொதி வந்ததும் வடித்துக் கொட்டுங்கள். மறுபடியும் அதே அளவு புதுத் தண்ணீர் ஊற்றி, வேகும்வரை கொதிக்கவிட்டு வடியுங்கள். பொட்டாசியத்தில் ஏறத்தாழ பாதி, சில காயில் அதற்கு மேலும் போய்விடும். பச்சையாக ராத்திரி முழுக்க ஊறவைத்தால் போதும் என்று பலர் செய்கிறார்கள். அதில் போவது கொஞ்சம்தான், செல்சுவர் உடைய சூடு வேண்டும்.

இதில் தவறுவது இரண்டு இடத்தில். ஒன்று, சத்து வீணாகிறதே என்று வடித்த நீரை ரசத்தில் சேர்ப்பது. வெளியேற்றிய பொட்டாசியம் அப்படியே திரும்பி வந்துவிடும். மற்றது, குக்கரில் ஒரு டம்ளர் தண்ணீர் வைத்து வேகவிடுவது. கரைந்து போக இடமே இல்லாதபோது எதுவும் போகாது.

கீரைக்கு ஒருமுறை வடித்தால் போதும். நிறையக் கொதிநீரில், மூடாத சட்டியில், 3 முதல் 5 நிமிடம் வேகவிட்டு வடித்துப் பிழியுங்கள். புளிச்சக்கீரை (சின்பௌங்), தண்டுக்கீரை, பசலை ஆகியவற்றில் ஆக்சலேட் உண்டு. கரையும் ஆக்சலேட்டில் கணிசமான பங்கு அந்த நீரோடு போய்விடும். பர்மாவில் சின்பௌங்கை இறாலும் மூங்கில்குருத்தும் போட்டு வதக்குவார்கள். அப்படிச் செய்வதானால், பிழிந்த கீரையைப் பூண்டு வெங்காயத்தோடு வதக்கி, காய்ந்த இறாலை வெந்நீரில் பத்து நிமிடம் ஊறவைத்து அந்த நீரைக் கொட்டிவிட்டுச் சேருங்கள். போன புளிப்பை எலுமிச்சை ஈடுகட்டும். அந்தச் சாப்பாட்டிலேயே அரைக் கோப்பைத் தயிரும் இருக்கட்டும். தயிரின் கால்சியம் மிச்ச ஆக்சலேட்டைக் குடலில் பிடித்து மலத்தோடு அனுப்பும். கால்சியம் குறைந்தால் ஆக்சலேட் ரத்தத்துக்குப் போய் சிறுநீரகத்தில் கல்லாகும். கல் வந்தவர் பால் தயிரை அறவே நிறுத்துவது அதனால் தவறு.

சுரை, பீர்க்கு, புடலை, சௌசௌ (இங்கே கூர்க்காக்காய் என்பது), முட்டைக்கோஸ் எல்லாம் பொட்டாசியம் குறைந்தவை. பொட்டாசியம் கூடியவருக்கு அன்றாடக் காய் இவைதான். கூடும் பக்கத்தில் நிற்பவை வாழைப்பழம், பலா, டுரியான், இளநீர், முருங்கைக்கீரை. வாழைத்தண்டுச் சாறு கல்லைக் கரைக்கும் என்று வெறும் வயிற்றில் டம்ளர் டம்ளராகக் குடிப்பவர்கள் இருக்கிறார்கள். சிறுநீரகம் தளர்ந்தவருக்கு அந்தச் சாறு பொட்டாசியத்தை மொத்தமாக இறக்கும் வழி. தண்டை நறுக்கி வேகவைத்து வடித்துக் கூட்டாகச் சாப்பிடலாம்.

நாரின் இலக்கு நாளொன்றுக்கு 25 முதல் 30 கிராம். ஒரே நாளில் தாவினால் வயிறு ஊதும், பேபியோ (வெந்த பட்டாணி) சாப்பிட்டு வாயு பிடித்தது என்று எல்லாவற்றையும் விட்டுவிடத் தோன்றும். முதல் வாரம் வெந்த பட்டாணி இரண்டு மேசைக்கரண்டி, அடுத்த வாரம் நான்கு, அதற்கடுத்து அரைக் கோப்பை என்று ஏறுங்கள். பட்டாணியை முந்தின இரவே ஊறவைத்து, ஊறிய நீரைக் கொட்டிப் புதுநீரில் வேகவையுங்கள்.

பழைய சோறும் புரோபயாட்டிக் மாத்திரையும்

சோற்றைக் குளிரவைத்தால் மாவுச்சத்தில் ஒரு பகுதி செரிக்காத மாவாக மாறி நாரைப்போல் பெருங்குடலுக்குப் போகிறது. நீரில் ஊறும்போது லாக்டிக் அமில நுண்ணுயிர்களும் பெருகும். வெள்ளரிசியில் பொட்டாசியமும் பாஸ்பரஸும் குறைவு. எனவே சிறுநீரகம் தளர்ந்தவருக்கு நம் பழைய சோறு நல்ல காலை உணவு. வடித்த சோறு சூடு தணிந்ததும், ஒரு கோப்பைக்கு ஒன்றரைக் கோப்பை கொதித்தாறிய நீர் ஊற்றி மூடி வையுங்கள். மாசி பங்குனி வெயிலில் 8 மணி நேரம் போதும், குளிர்மாதத்தில் 12. காலையில் மூன்று மேசைக்கரண்டி தயிர், சின்ன வெங்காயம், பச்சைமிளகாய் சேர்த்து உப்பில்லாமல் குடியுங்கள். பகல் முழுக்க வெளியில் கிடந்த சோற்றில் ராத்திரி நீர் ஊற்றக் கூடாது. அதற்குள் வாந்திபேதி தரும் பாக்டீரியா நஞ்சு உண்டாகியிருக்கலாம், அந்த நஞ்சு சூட்டுக்கும் அழியாது. நீர் அளவு கட்டுப்படுத்தப்பட்டவர் இந்த நீரையும் கணக்கில் சேர்க்க வேண்டும். சர்க்கரைக்காரர் சோற்றளவைக் குறைக்க வேண்டும். சிறுநீரகம் மாற்றி வைத்தவர்கள் வீட்டில் புளிக்க வைத்ததை டாக்டரைக் கேட்காமல் தொட வேண்டாம்.

விலை கொடுத்து வாங்கும் புரோபயாட்டிக் மாத்திரைகள் பற்றி: 2016இல் வெளிவந்த ஓர் ஆஸ்திரேலியச் சோதனையில், நாரும் நுண்ணுயிரும் கலந்த மருந்து ஆறு வாரத்தில் பி-கிரெசில் சல்பேட்டைக் குறைத்தது. இண்டாக்சில் சல்பேட் குறிப்பிடும்படி இறங்கவில்லை. சிறுநீரகம் தேறியதாகவும் அது காட்டவில்லை. அந்தப் பணத்துக்குக் காய் வாங்குவதே மேல் என்பது எங்கள் கருத்து.

மலம் தினமும் போகவேண்டும்

இரும்பு மாத்திரை, கால்சியம் மாத்திரை, குறைந்த நீர், குறைந்த நார் எல்லாம் சேர்ந்து மலத்தை இறுக்கும். நார் கூட்டியும் போகவில்லை என்றால் இசப்கோல் உமி ஒரு தேக்கரண்டி, முழு டம்ளர் நீரில் கலந்த உடனே குடிக்க வேண்டும். நீரைக் குறைத்தால் அது உள்ளேயே கட்டியாகி அடைத்துக்கொள்ளும், ஆகவே நீர்க் கட்டுப்பாடு உள்ளவருக்கு உகந்ததல்ல. அவர்களுக்கு லாக்டுலோஸ் பாகு நல்லது. மக்னீசியம் கலந்த பேதிமருந்தும் பாஸ்பேட் எனிமாவும் சிறுநீரகம் தளர்ந்தவருக்குக் கூடவே கூடாது. அந்த உப்புகளை வெளியேற்ற அவரால் முடியாது.

கையால் தொடக்கூடாத இரண்டு

டன்யின்தீ. ஙாப்பியோடு தொட்டுக்கொள்ள வைக்கும் இந்தக் கொட்டையில் ஜெங்கோலிக் அமிலம் உண்டு. சிலருக்கு அது சிறுநீரில் ஊசிபோன்ற படிகமாகி நுண்குழாயைக் கீறி அடைக்கும். சில மணி நேரத்தில் விலாவலி, ரத்தச் சிறுநீர், பிறகு சிறுநீர் நின்றுபோதல். சிறுநீரகம் நன்றாக இருப்பவருக்கும் இது நேர்ந்திருக்கிறது. வேகவைத்தால் குறையும், முழுக்கப் போகாது. உண்டபின் இந்த வலி வந்தால் வீட்டில் காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போய், எதைத் தின்றோம் என்பதையும் சொல்லுங்கள்.

ஐந்து முனை நட்சத்திரப் பழம். ஆக்சலேட்டோடு கரம்பாக்சின் என்ற நரம்புநஞ்சும் இதில் உண்டு. நல்ல சிறுநீரகம் அதை வெளியேற்றிவிடும். தளர்ந்தவருக்கு ஒரே பழத்தில் விடாத விக்கல், குழப்பம், வலிப்பு வரை போகலாம். பழம் தின்றபின் விக்கல் நிற்கவில்லை என்றால் டயாலிசிஸ் வசதியுள்ள ஆஸ்பத்திரிக்கே நேராகப் போக வேண்டும்.

வயிற்றுப்போக்கு வந்த நாளில்

பர்மியப் புத்தாண்டுத் தண்ணீர்த் திருவிழாவை ஒட்டிய வெயிலில் வயிறு கெட்டால், சிறுநீரகத்துக்கு அந்த இரண்டு நாள் ஓராண்டுப் பத்தியத்தை அழித்துவிடக்கூடியது. உடலில் நீர் வற்றியிருக்கும்போது லோசார்டான், எனலாப்ரில், நீர் பிரியும் மாத்திரை, மெட்ஃபார்மின், டாபாகிளிஃப்ளோசின் ஆகியவற்றை எப்போது நிறுத்தி எப்போது மறுபடி தொடங்குவது என்று டாக்டரிடம் இப்போதே கேட்டு எழுதி வாங்கி, மாத்திரை டப்பாவில் ஒட்டி வையுங்கள். இன்சுலினை மட்டும் தானாக நிறுத்தக் கூடாது. நீரிழப்புக்கான உப்புச் சர்க்கரைப் பொட்டலம் (ORS) கிடைக்காதபோது, கொதித்தாறிய நீர் ஒரு லிட்டருக்குச் சர்க்கரை 6 தேக்கரண்டி, உப்பு அரைத் தேக்கரண்டி, இரண்டும் தலைதட்டி அளந்து, கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கலாம். டயாலிசிஸில் உள்ளவரும் இதய நோயாளியும் அளவைக் கேட்டுத்தான் குடிக்க வேண்டும். வயிற்றுவலிக்கென்று கடையில் கலந்து கட்டித் தரும் மாத்திரைப் பொட்டலத்தை வாங்காதீர்கள். அதில் டைக்ளோஃபினாக் போன்ற வலிமாத்திரை இருந்தால், வற்றிய சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தத்தை அது மேலும் குறைக்கும். எட்டு மணி நேரம் சிறுநீர் வராவிட்டாலோ, மலத்தில் ரத்தம் வந்தாலோ, குடித்ததெல்லாம் வாந்தியானாலோ வீட்டு வைத்தியம் அத்தோடு முடிந்தது.

உணவை மாற்றத் தொடங்கி இரண்டு வாரத்தில் பொட்டாசியத்தை மறுபடி பாருங்கள், கீரை கூட்டியவருக்கு இது கட்டாயம். அல்புமின் விகிதத்தையும் வடிகட்டும் வேகத்தையும் மூன்று மாதத்தில் பாருங்கள். அதற்கு முன் வாரம் ஒரு கிரியாட்டினின் எடுத்து, 0.1 ஏறியதற்கும் இறங்கியதற்கும் பத்தியத்தை மாற்ற வேண்டாம். முந்தின இரவு நிறைய இறைச்சி தின்றாலே அந்த அளவு ஏறும்.